வெகுளி என்று யாரைச் சொல்கிறோம்?

பழைய தமிழில் 'வெகுளி' என்றால் கோபம். திருக்குறளின் 31ஆவது அதிகாரமான வெகுளாமை கோபத்தை அடக்குவதைப் பற்றித்தான் பேசுகிறது, தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்பட்டுத் தெரியும் உணர்ச்சிகளில், வருகிற வெகுளியும் கோபம்தான். இன்றைக்கு அதே சொல் சூதுவாது தெரியாத ஆளைக் குறிக்கிறது. யோசித்தால் ஒரு பொருத்தம் தெரிகிறது: கோபக்காரருக்கும் சரி, வெகுளிக்கும் சரி, மனதில் இருப்பதை முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

'பேதை' இன்னும் விசித்திரம். குறளில் அது கேட்டைப் பிடித்துக்கொண்டு ஆதாயத்தை விட்டுவிடுகிற ஆள். பெண்ணின் ஏழு பருவங்களைச் சொல்லும்போதோ முதல் பருவமான சிறுமி. விவரம் தெரியாத குழந்தையையும் முட்டாளையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம், பெரியவர்களிடம் பேசும்போதும் அந்தக் குழப்பம் தொடர்கிறது.

முதல் வேலையில் சேர்ந்த சில மாதங்களில் கூட வேலை செய்த ஒருவர் கடன் பத்திரத்தோடு என் மேசைக்கு வந்தார். கடைசிப் பக்கத்தை மட்டும் விரித்து, மேல் பாதியை உள்ளங்கையால் மூடியபடி, "சும்மா ஒரு கையெழுத்துதான் தம்பி" என்றார். போட்டேன். அவர் கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவன்தான் கட்ட வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. அவர் வேலையை விட்டுப் போன பிறகு மாதாமாதம் என் சம்பளத்திலிருந்து கொடுத்தேன். பணத்தைவிட அந்த உள்ளங்கைதான் ரொம்ப நாள் உறுத்தியது, ஏனென்றால் அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நான் யாரிடமும் அப்படி எதையும் மறைத்ததில்லை, அதனால் மறைக்கிற கை எப்படி இருக்கும் என்றே தெரியவில்லை. வெகுளி என்பதற்கு நான் கண்ட அர்த்தம் அவ்வளவுதான், தன் மனதை வைத்தே அடுத்தவர் மனதையும் அளப்பது.

அப்புறம் கேட்டவர்கள் எல்லாரும் "உனக்கு விவரம் பத்தாது" என்றார்கள். ஏமாற்றியவரைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அது இன்றும் எனக்குப் பொறுக்கவில்லை. நம்பியது குற்றம் மாதிரியும், நம்ப வைத்துக் கழுத்தறுத்தது சாமர்த்தியம் மாதிரியும் பேசுகிறோமே!

சமீபத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் இதே மாதிரி ஒரு தாளோடு வந்தான். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக இரண்டு பேரும் சத்தமாகப் படித்தோம். நாலாவது பக்கத்தில் அவனாகவே நிறுத்தி, "அண்ணா, அப்போ நான்தான் கட்டணுமா?" என்றான்.