எல்லா எண்களும் ஒரே பக்கம்

2009, நியூயார்க். 24 வயது நிருபர் சுசானா கஹாலனிடம் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார் டாக்டர் சூஹேல் நஜ்ஜார். வட்டத்தைப் போட்டவர், 1 முதல் 12 வரை அத்தனை எண்களையும் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதிவிட்டார். இடப்பாதி வெறுமையாக இருந்தது.

அதுவரை பிரமை, தீராத சந்தேகம், வலிப்பு. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. மனநோய் என்றார்கள், குடியால் வந்தது என்றும் சொன்னார்கள். ஆனால் இடப்பக்கத்தைக் கவனிப்பது மூளையின் வலப்பாதிதான். அங்கே அழற்சி (வீக்கம்) இருப்பதை அந்த ஒரு காகிதம் காட்டிக்கொடுத்தது.

கிருமியோடு சண்டை போடவேண்டிய ஆன்டிபாடிகள், மூளை செல்களில் செய்தி வாங்கிக்கொள்ளும் என்.எம்.டி.ஏ ஏற்பிகள் என்ற புரதங்களைத் தாக்கினால் இப்படி ஆகும். நரம்பியல் மருத்துவர் ஜோசப் டால்மாவின் குழு இந்த நோயைக் கண்டுபிடித்தது 2007இல்தான். சில பெண்களுக்குச் சினைப்பையில் வரும் ஒரு கட்டிதான் இதைத் தூண்டிவிடுகிறது. சினைப்பைக் கட்டி மனதைக் குலைக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்று என்று இந்தத் தாக்குதலை அடக்கும் சிகிச்சைகள் கொடுத்தார்கள். சுசானா எழுத்து வேலைக்கே திரும்பினார்.

எல்லா மனநோயும் இதுவல்ல. மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். ஆனால் நன்றாக இருந்த பிள்ளை சில வாரங்களில் தலைகீழாக மாறி, கூடவே வலிப்போ, வாய் கோணுவதோ, பேச்சுக் குழறலோ இருந்தால் நரம்பியல் மருத்துவரையும் பாருங்கள். முதுகுத் தண்டு நீரில் ஆன்டிபாடி சோதனை செய்யலாமா என்று கேளுங்கள்.

2007க்கு முன் இதே நோயோடு மனநலக் காப்பகங்களில் கிடந்த பெண்களை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.