அளவீட்டு அறைக்கு வெளியே: நாட்குறிப்பு, 2025

ஜூன் 9, திங்கள்

மனநலச் சிகிச்சைக்கான விடுப்பு முடிந்து வந்திருக்கிறேன். பாகங்களை நான் அளந்து சரிபார்க்கும் அளவீட்டு அறையின் கதவு இன்று என் அட்டைக்குத் திறக்கவில்லை. காவலர் கணினியில் பார்த்துவிட்டு, பட்டியலில் என் எண் இல்லை என்றார். பிறகு மேலாளர் வந்தார். சில மாதங்கள் நான் பேக்கிங் பிரிவில் இருப்பதே உடம்புக்கு நல்லது என்றும், அங்கே பொறுப்பு குறைவு என்றும், எல்லாம் என் நன்மைக்காகத்தான் என்றும் கனிவாகவே சொன்னார். நான் வேலைக்குத் தகுதியாக இருக்கிறேன் என்று ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மருத்துவர் எழுதிக் கொடுத்த சான்றிதழை அவருடைய மேசையில் வைத்தேன். அவர் அதைக் கையில் எடுக்கவே இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

நாள் முழுவதும் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினேன்.

ஜூன் 13, வெள்ளி

அந்த அறையில் எந்தக் காலத்திலும் 20 டிகிரிதான் இருக்கும். நீள அளவுகளுக்கு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஆதார வெப்பநிலை அது. இரும்பும் அலுமினியமும் சூட்டில் விரிபவை என்பதால், இயந்திரத்திலிருந்து இறங்கிய பாகத்தை உடனே அளந்தால் கிடைக்கும் எண் பொய்யாக இருக்கும். உற்பத்திப் பிரிவிலிருந்து எத்தனை முறை தொலைபேசி அடித்தாலும், பாகத்தின் சூடு ஆறும்வரை நான் காத்திருப்பேன். இப்போது என் இடத்தில் இருக்கும் தம்பி நல்ல பையன். அவனுக்கு வேலை தெரியும், ஆனால் அவசரப்படுத்தினால் மறுத்துச் சொல்லத் தெரியாது. அறிக்கையின் கீழே உள்ள கையொப்பக் கட்டத்தில் இப்போது அவன் பெயர்தான் இருக்கிறது. இன்று அவன் என்னைத் தாண்டிப் போகும்போது "அக்கா" என்று ஏதோ சொல்ல வந்தான். சூப்பர்வைசர் பார்ப்பதைக் கண்டதும் போய்விட்டான்.

ஜூன் 18, புதன்

கேன்டீனில் எல்லாரும் இருக்கும்போது சூப்பர்வைசர், என்னை வீட்டில் உட்கார வைத்துக் கம்பெனி சம்பளம் கொடுத்ததாகச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். எனக்குக் கை நடுங்கியதால் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

விடுப்பில் இருந்த நாட்களுக்குக் கம்பெனி எனக்கு ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. கிடைத்தது ஈ.எஸ்.ஐ. நோய்க்கால உதவித் தொகை; அதுவும் முழுச் சம்பளம் இல்லை, 70 விழுக்காடு. ஆண்டுக்கு 91 நாட்கள் வரைதான் அதைப் பெற முடியும். அந்த உரிமைக்காக மாதந்தோறும் என் சம்பளத்தில் 0.75 விழுக்காடு பிடிக்கிறார்கள், கம்பெனி 3.25 விழுக்காடு கட்டுகிறது. வேலைக்குச் சேர்ந்த மாதத்திலிருந்து என் பங்கு ஒழுங்காகப் போயிருக்கிறது. கால் முறிந்து படுத்தவருக்கும் அதே நிதியிலிருந்துதான் பணம் வருகிறது. சென்ற ஆண்டு லைனில் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து விடுப்பில் போய்விட்டுத் திரும்பியபோது கைகொடுத்து வரவேற்றார்கள். கம்பெனி சம்பளம் கொடுத்ததாக அவரிடம் யாரும் சொல்லவில்லை.

நான் விடுப்பில் போவதற்கு முன், குளிர்காலத்தில் மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலையை என் ஒருத்தியிடம் விட்டிருந்தார்கள் என்பதையும், இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து நின்ற பிறகும் தூக்கம் வராமல் போனதையும் அவர் கேன்டீனில் சொல்லவில்லை.

ஜூன் 19, வியாழன்

இன்று யாரோடும் பேசவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

தெருவெல்லாம் மாம்பழ வாசனை. கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா மாங்காய் லாரிகள் நெடுஞ்சாலை ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன. அத்தை ஒரு கூடை வாங்கி வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்மணி பழம் வாங்கிக்கொள்ள வந்தவர், நான் சாப்பிடுவது தலைவலி மாத்திரைதானே என்று ஜாடையாகக் கேட்டார். அவருடைய தம்பி எங்கள் கம்பெனி பஸ்ஸில்தான் வருகிறார்.

மனிதவளப் பிரிவில் மருந்துச் சீட்டின் நகலைக் கேட்டார்கள், கொடுத்தேன். அங்கிருந்து அது கேன்டீனுக்கும், கேன்டீனிலிருந்து பஸ்ஸுக்கும், குருபரப்பள்ளி நிறுத்தத்தில் இறங்கி எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு, சிகிச்சை பற்றிய விவரங்கள் ரகசியமாக இருப்பது நோயாளியின் உரிமை என்கிறது. அடுத்த வரியில் அந்த ரகசியத்தைக் காக்கும் கடமையை மருத்துவத் துறையினர் மீது வைக்கிறது. என் மருத்துவர் யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னவர்களை அந்த வரி தொடவில்லை.

வேலையை விட்டுவிடு, இருப்பதை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். அன்பால்தான் சொல்கிறார், எனக்குத் தெரியும். ஆனால் நான் விலகினால், நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று அவர்கள் சொன்னது உண்மையாகிவிடும்.

ஜூன் 27, வெள்ளி

பேக்கிங் மேசைக்கு வந்த ஒரு பாகத்தின் துளை விளிம்பில் விரலை ஓட்டினேன், விளிம்பில் ஒட்டி நிற்கும் உலோகப் பிசிறு தட்டியது. அடுத்ததிலும் தட்டியது. அந்தத் தொட்டியில் கையில் எடுத்த எல்லாவற்றிலும் இருந்தது. பிசிறோடு போனால், பொருத்தும் இடத்தில் சீல் கிழியும், எண்ணெய் கசியும். சூப்பர்வைசரிடம் போய், இந்த லாட்டை, அதாவது ஒன்றாக வந்த இந்தத் தொகுதியை, நிறுத்தி வைத்து அளந்துவிட்டு அனுப்பலாம் என்று சொன்னேன். நான் குரலை உயர்த்தவில்லை. அழவில்லை. பாகத்தைக் கையில் கொடுத்து, விளிம்பைத் தொட்டுப் பார்க்கும்படிதான் கேட்டுக்கொண்டேன்.

அவர் பாகத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். "டென்ஷன் ஆகாதீங்கம்மா, போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்க. மாத்திரை போட்டீங்களா?" என்றார்.

இதுதான் என்னை வாட்டுகிறது. லேபிள் ஒட்டுவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதையும் ஒருவர் செய்யத்தான் வேண்டும். ஆனால் நான் திரும்பி வந்த நாளிலிருந்து, என் வாயிலிருந்து வரும் எந்தச் சொல்லும் அதன் பொருளுக்காகக் கேட்கப்படுவதில்லை. பிசிறு என்றால் பதற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். என் அறை ஏன் பறிபோனது என்று கேட்டால் இன்னும் முழுதாகக் குணமாகவில்லை என்கிறார்கள். பேசாமல் இருந்தால், பாருங்கள் எப்படி ஒடுங்கிப் போய்விட்டார் என்று பரிதாபப்படுகிறார்கள். துளையின் விளிம்பில் இருந்தது என் மனநோய் அன்று, உலோகம். அதை யாருடைய விரலும் உணர்ந்திருக்கும்.

ஜூன் 30, திங்கள்

அந்தத் தொட்டிகளில் மஞ்சள் அட்டை தொங்குகிறது. நிறுத்தி வைத்திருக்கிறார்கள். யார் கண்டுபிடித்தது என்று பதிவேட்டில் பார்த்தேன். லைன் பரிசோதனையில் தெரியவந்தது என்று எழுதியிருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

குறைதீர்க்கும் குழுவுக்கு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கிவிட்டேன். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 9-சி பிரிவின்படி 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்தில் அப்படி ஒரு குழு இருக்க வேண்டும். நிர்வாகத்தின் பக்கத்திலிருந்தும் தொழிலாளர் பக்கத்திலிருந்தும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்கள் இருக்க வேண்டும். மனு கிடைத்து 45 நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். எங்கள் அறிவிப்புப் பலகையில் அந்தக் குழுவின் பட்டியல் கண்ணாடிக்குள் இருக்கிறது. இதுவரை யாராவது அதனிடம் போனதுண்டா என்று கேட்டால், யாருக்கும் நினைவில்லை.

ஜூலை 7, திங்கள்

தூக்கம் வரவில்லை, மாத்திரை போட்டும் வரவில்லை.

ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நோய்க்கால உதவித் தொகை பெறும் காலத்திலும், நோய்க்காகச் சிகிச்சையில் இருக்கும் காலத்திலும் ஒரு தொழிலாளியைப் பணியிலிருந்து நீக்கவோ, தரம் இறக்கவோ, வேறு வகையில் தண்டிக்கவோ கூடாது என்கிறது. படுத்திருந்தபோது அந்தப் பிரிவு எனக்குக் காவலாக இருந்தது. இப்போது? நான் இன்னும் மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்க்கிறேன், இரவில் ஒரு மாத்திரை போடுகிறேன். அந்தப் பிரிவின் பாதுகாப்பைக் கேட்க வேண்டுமானால், இன்னும் சிகிச்சையில் இருக்கிறேன் என்று குழுவின் முன் சொல்ல வேண்டும். என் அறையைக் கேட்க வேண்டுமானால், குணமாகிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். இரண்டுமே உண்மை. சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரிடம் இரண்டில் எது உண்மை என்று யாரும் கேட்பதில்லை.

ஜூலை 12, சனி

நள்ளிரவில் 14416-ஐ அழைத்தேன். டெலி மானஸ் என்ற அந்த அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் ஆள் இருப்பார்கள். எதிர்முனையில் பேசிய பெண், நான் சொல்லி முடிக்கும்வரை இடையில் பேசவே இல்லை. பிசிறைப் பற்றி விரிவாகச் சொன்னேன். அது எந்தப் பாகத்தில், எவ்வளவு பெரிதாக இருந்தது என்று கேட்டாள். அதற்கே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

ஜூலை 23, புதன்

ஊதிய உயர்வுக் கடிதம் கொடுத்தார்கள். லைனில் எல்லாருக்கும் உயர்வு உண்டு, எனக்கு இல்லை. காரணம் என்ற இடத்தில் வருகைப் பதிவு என்று அச்சிட்டிருக்கிறது. மருத்துவர் சான்றளித்து, ஈ.எஸ்.ஐ. ஏற்றுக்கொண்டு, பணமும் கொடுத்த விடுப்பு, கம்பெனியின் கணக்கில் நான் வேலைக்கு வராமல் போன நாட்கள் ஆகிவிட்டது. அளவுக் கருவிகளை ஒவ்வோர் ஆண்டும் சரிபார்ப்புக்கு அனுப்புகிறோம். சான்றிதழோடும் புது ஸ்டிக்கரோடும் திரும்பி வந்தால், அன்றைக்கே நம்பி லைனுக்குக் கொடுக்கிறோம். அது சில வாரம் இங்கே இல்லையே என்று எந்த மைக்ரோமீட்டரையும் மூலையில் போட்டதில்லை.

கடிதத்தின் நகலை மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. எல்லாருமாகக் கிருஷ்ணகிரி அணைக்குப் போனோம். நல்ல கூட்டம். அத்தை தென்பெண்ணையில் மஞ்சளும் பூவும் விட்டார்கள். மகள் வறுத்த மீன் கேட்டாள், வாங்கிக் கொடுத்தேன். மாலைவரை கம்பெனி நினைவே வரவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் திரும்பும் வழியில் சீருடையோடு ஒரு ஷிஃப்ட் பஸ் எதிரே வந்தது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

குழுவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வியாழக்கிழமை காலை வர வேண்டுமாம். வரும்போது இதுவரை எடுத்த எல்லா மருந்துச் சீட்டுகளையும் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். பிசிறைப் பற்றியோ, மஞ்சள் அட்டையைப் பற்றியோ, ஊதிய உயர்வைப் பற்றியோ கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

மருந்துச் சீட்டுகளைக் கொண்டுபோகப் போவதில்லை. தகுதிச் சான்றிதழையும், உயர்வுக் கடிதத்தையும், ஜூன் 27-ஆம் தேதி நான் லேபிள் ஒட்டிய பெட்டிகளின் லாட் எண்ணையும் எடுத்துப் போகிறேன். இன்னும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால், ஆமாம் என்பேன். அதற்கும் அந்த அறைக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள்தான் எழுத்தில் தர வேண்டும் என்று கேட்பேன். தொழிலாளர் பக்கத்து உறுப்பினரான அக்காவிடம் நாளை பஸ்ஸிலேயே பேசிவிட வேண்டும். அவர் சூளகிரியில் ஏறுகிறார், பக்கத்து இருக்கையைப் பிடித்து வைக்க வேண்டும்.