கடல்நீர்த் தொட்டிக்குப் புது மீன்: சிவப்புப் பெட்டி, நீலப் பெட்டி, பன்னிரண்டு நாள்

தொட்டி கிளிநொச்சியில் இருக்கிறது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல்லும் மணலும் போக ஏறத்தாழ 200 லீற்றர் நீர். உள்ளே ஒரேயொரு கிளார்க்கி கோமாளி மீன்: ஒன்பது சென்ரிமீற்றர், நன்றாக வளர்ந்த பெட்டை. அதற்குச் சோடியாக நாலு சென்ரிமீற்றர்க் குஞ்சு ஒன்று கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது. நோய் தொட்டிக்குள் வராமலிருக்க அது முதலில் பன்னிரண்டு நாள் தனிப் பெட்டிகளில்.

அளவைப் பார்த்துத்தான் எடுத்தது. கோமாளி மீன் முதலில் ஆண். கூட்டத்தில் பெரியது எதுவோ அது பெட்டையாக மாறும், மாறிய பிறகு திரும்பி ஆணாகாது. வளர்ந்த இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று மற்றதைக் கடித்தே முடித்துவிடும். புதிதாக வருவது இருப்பதில் பாதிக்கும் குறைவாக இருந்தால் பணிந்து போக இடமிருக்கிறது. கடையில் "சோடி" என்று சொல்லி ஒரே அளவில் இரண்டு தந்தால், இரண்டும் சின்னதாக இருந்தால் மட்டும் வாங்கலாம்.

நீர் முல்லைத்தீவுக் கடலில் எடுத்தது. ஓகஸ்ட் மாதம், சோளகம் வீசும் காலம். கிழக்குக் கரை அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதே இடத்தில் எடுக்கவே கூடாது. நந்திக்கடல் களப்பு வெட்டி வட்டுவாகல் பக்கம் பாயும்போது கரையோரக் கடல் கலங்கி, உப்பும் குறைந்து, வயல் நீரோடு வந்ததெல்லாம் சேர்ந்திருக்கும். 20 லீற்றர்க் கான் பத்து. துணியில் வடித்து நிரப்பியது. வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு கானுக்கும் வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் 4 மில்லிலீற்றர். இது லீற்றருக்கு 10 மில்லிகிராம் குளோரின். 24 மணித்தியாலம் எயார் பம்ப் ஓடவிட்டு, பிறகு குளோரினை நீக்கச் சோடியம் தயோசல்பேற். குளோரின் குறையாமல் முழுவதும் இருக்கிறதென்று வைத்தாலும் கானுக்கு 1.4 கிராம் போதும். கடைசியில் குளோரின் சோதனை பூச்சியம் காட்டவேண்டும். மூக்கால் மணந்து பார்த்துத் தீர்மானிக்கிற வேலையல்ல இது. மீனின் செவுள் மூக்கைவிட முந்தி உணரும்.

உப்பு அளப்பது ரிப்ராக்டோமீற்றரால். அதை வெறும் நீரில் பூச்சியத்துக்கு வைத்தால், கடல்நீரின் அளவில் எவ்வளவு பிழை காட்டுகிறதென்பது தெரியவராது. நகைத் தராசில் 36.5 கிராம் உப்பை நிறுத்து 963.5 கிராம் ஆர்.ஓ. நீரில் கரைத்தால் அது ஆயிரத்துக்கு 35 என்று, அதாவது ஒப்படர்த்தி (நன்னீர் 1 என்றால் இந்த நீரின் நிறை) 1.026க்குப் பக்கத்தில், காட்டவேண்டும். காட்டாவிட்டால் திருகாணியைத் திருப்பி அங்கே கொண்டுவந்து நிறுத்தவேண்டும். நன்னீருக்கு எங்கள் பக்கத்துக் கிணறு உதவாது. கேத்தலில் படியும் கல்லைப் பார்த்தாலே போதும். குடிக்க வாங்குகிற ஆர்.ஓ. நீரை கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் ரி.டி.எஸ். மீற்றரால் பார்த்து, 10க்குக் கீழே இருந்தால் எடுக்கலாம்.

முதலாம் நாள், காலை

ரெஜிபோம் பெட்டிக்குள் ஒட்சிசன் அடைத்த பை. பையின் ஒரு மூலையில் சின்ன ஓட்டை போட்டு இரண்டு துளி எடுத்து அளந்தால் உப்பு 1.020. வளர்ப்புத் தொட்டியில் 1.025. கடைகள் உப்புச் செலவைக் குறைக்கவும் ஒட்டுண்ணியை அடக்கவும் இப்படித் தாழ்த்தி வைப்பது வழக்கம். பை நீரின் பி.எச். (அமில, கார அளவு) 6.8.

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் மீனை இழக்கிறார்கள். சேலைன் குழாயைப் பைக்குள் விட்டு, துளித்துளியாக இரண்டு மணித்தியாலம் தொட்டி நீரைக் கலப்பது நல்ல பழக்கம் என்று எல்லோரும் சொல்வார்கள். பத்து நிமிடத் தூரத்துக் கடையில் வாங்கின மீனுக்கு அதனால் கெடுதல் இல்லை. இரவு முழுக்கப் பைக்குள் கிடந்த மீனுக்கு அதுவே நஞ்சு. மூடிய பைக்குள் மீன் விட்ட மூச்சு கரியமிலவாயுவாகச் சேர்ந்து பி.எச்.சை இறக்கிவிடும். கழிவு அமோனியாவும் சேரும், ஆனால் தாழ்ந்த பி.எச்.சில் அது அமோனியமாக, அவ்வளவு கெடுதல் இல்லாமல் இருக்கும். பையைத் திறந்து காற்றுப் பட்டதும் வாயு பறக்கும், பி.எச். ஏறும். ஒரு புள்ளி ஏறினால் நச்சு அமோனியா ஏறத்தாழப் பத்து மடங்கு. மீன் பையின் அடியில் வாயைத் திறந்து திறந்து மூடும். பார்ப்பவர் பயந்துவிட்டது என்று நினைப்பார். அதன் செவுள் எரிகிறது.

அதனால் மீனை நீருக்குப் பழக்காமல் நீரை மீனுக்குப் பழக்கியது. சிவப்பு மூடிப் பெட்டியில் 32 லீற்றர் கடல்நீரும் 8 லீற்றர் ஆர்.ஓ. நீரும் கலந்தால் 40 லீற்றர், உப்பு 1.020. பையை வெட்டித் திறக்காமல் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தியது. இரண்டும் 28 பாகை. பிறகு பையை வெட்டி, பிளாஸ்ரிக் வடிதட்டில் மீனை ஏந்தி, உடனே பெட்டிக்குள். பை நீர் முற்றத்துக்கு. வெட்டினதிலிருந்து விட்டது வரை ஒரு நிமிடம்கூட ஆகாது.

பெட்டிக்குள் இருப்பவை: ஒரு துண்டு பி.வி.சி. குழாய், ஒரு எயார் கல், ஒரு வெப்பமானி, மூடி. கோமாளி மீனும் துள்ளும், மூடி கட்டாயம். மணலும் கல்லும் கூடாது. அன்று வெளிச்சமும் இல்லை, தீனியும் இல்லை.

எதற்கு இந்தப் பெட்டி மாற்றம்

கடல் மீனின் வெண்புள்ளி நோய் கிரிப்டோகாரியன் என்ற ஒட்டுண்ணியால் வருவது. மீனின் தோலுக்குள் சில நாள் தின்று கொழுத்து, உதிர்ந்து, அடியில் ஒட்டிக் கூடு கட்டும். கூட்டிலிருந்து குஞ்சுகள் வெடித்து வந்து மீனைத் தேட ஆகக் குறைந்தது மூன்று நாள் வேண்டும். அந்த 72 மணித்தியாலத்துக்கு முன்பே மீனைச் சுத்தமான வேறு பெட்டிக்கு மாற்றினால், உதிர்ந்ததெல்லாம் பழைய பெட்டியோடு போய்விடும். இரண்டு பெட்டி மாறி மாறி நாலு முறை, பன்னிரண்டு நாள், மருந்து ஒரு துளிகூட இல்லை. செம்பு மருந்தும் வேலை செய்யும். ஆனால் அதன் அளவு குறைந்தால் பயனில்லை, கூடினால் மீன் சாகும். நல்ல செம்புச் சோதனைப் பெட்டி கையில் இல்லாதவர் அதைத் தொடக்கூடாது. கடல் ஒன்றரை மணித்தியாலத்தில் இருக்கிற நமக்கு நீர்தான் மலிவான மருந்து.

இன்னொரு வசதி: ஒவ்வொரு மாற்றத்திலும் உப்பைக் கொஞ்சம் ஏற்றலாம். உப்பைத் தாழ்த்துவதை மீன் தாங்கும். சடுதியாக ஏற்றினால் உடலிலிருந்து நீர் இழுபட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்து, காரணமே தெரியாததுபோல் சாகும்.

நாலாம் நாள் நீலப் பெட்டி: கடல்நீர் 35.2, ஆர்.ஓ. 4.8 லீற்றர், 1.022.
ஏழாம் நாள் மறுபடி சிவப்பு: 38.4, 1.6, உப்பு 1.024.
பத்தாம் நாள் நீலம்: 40 லீற்றரும் கடல்நீர், 1.025.
பதின்மூன்றாம் நாள் வெளியே.

முதல் மாற்றம் காலை எட்டு மணிக்கு என்றால் மற்றதெல்லாம் எட்டுக்கு முன். மூன்று மணித்தியாலம் முந்தினால் பிழையில்லை, ஒன்று பிந்தினால் முழுவதும் முதலிலிருந்து. காலியான பெட்டி, குழாய், எயார் கல், வடிதட்டு எல்லாம் பிளீச் நீரில் கழுவி, முற்றத்தில் முழு நாள் வெயில். ஓகஸ்ட் வெயிலுக்கு இது ஒரு வேலையே இல்லை. மாரி காலத்தில் குழாயின் உட்பக்கம் ஈரமாகவே கிடக்கும், அப்போது இரண்டாவது தொகுதி உபகரணம் வேண்டும். எயார் கல்லுக்குள் ஈரம் தங்குவதால் ஒவ்வொரு முறையும் புதுக் கல் போட்டது. சிவப்புக்கும் நீலத்துக்கும் அதே நிற நாடா சுற்றி வைத்தால் கை மாறாது. பெட்டிகள் தொட்டி இருக்கிற அறையில் இல்லை. எயார் கல் தெறிக்கிற துளியே போதும், நோய் கடக்க.

வடிகட்டி இல்லாததால் அமோனியா ஒவ்வொரு பின்னேரமும் அளக்கவேண்டும். இரண்டாம் நாளிலிருந்து பச்சை இறாலை அரிசியளவு நறுக்கி, ஒரு நாளுக்கு ஆறேழு துண்டு. பத்து நிமிடத்தில் தின்னாததை 60 மில்லிலீற்றர் சிரிஞ்சால் உறிஞ்சி எடுப்பது. ஆறாம் நாள் பின்னேரம் அமோனியா 0.25 காட்டியது; இரவுத் தீனித் துண்டு ஒன்று குழாய்க்குள் கிடந்து அழுகியிருந்தது. மேலதிகக் கானிலிருந்து அதே உப்பில் 10 லீற்றர் மாற்றியதும் அடங்கியது. கரண்ட் போனால் பற்றரியில் ஓடும் எயார் பம்ப் பக்கத்தில் இருக்கவேண்டும். 40 லீற்றருக்கு அது போதும்.

இந்த முறை எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. கோமாளி மீனை அதிகம் தாக்குகிற புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி இதற்கு மசியாது. உடம்பில் சளிபோல் வெண்படலம், தோல் உரிதல், மேல்மட்டத்தில் மூச்சு வாங்குதல், தீனி மறுத்தல்: இவை கண்டால் பன்னிரண்டு நாள் காத்திருக்க முடியாது, இரண்டு நாளில் முடிந்துவிடும். 37 சதவீத போர்மலின் 10 லீற்றருக்கு 1.5 மில்லிலீற்றர், பலமான காற்றோடு 45 நிமிடம், பிறகு சுத்தமான பெட்டி. போர்மலின் நீரின் ஒட்சிசனைக் குறைக்கும், அதனால் காற்று நிற்கக்கூடாது. போத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்தப் போத்தலைப் பாவிக்கவே கூடாது. கையுறை போட்டு, வெளியில் வைத்துச் செய்யவேண்டும். இந்தக் குஞ்சுக்கு அது தேவைப்படவில்லை.

ஏழாம் நாள் மாற்றத்தோடு, மீனில் ஒட்டும் தட்டைப் புழுவைக் கழற்ற, ஐந்து நிமிட நன்னீர்க் குளியல். ஆர்.ஓ. நீரில் அப்பச்சோடா கலந்து பி.எச். 8.2, வெப்பம் 28, ஒரு மணித்தியாலம் முன்பே எயார் பம்ப். கறுப்பு வாளியில் செய்தால் தெரியும்: தட்டைப் புழு இருந்தால், மீனில் கண்ணாடிபோல் ஒட்டியிருந்தது வெளிறி, எள்ளின் கால்பங்கு அளவில் வெள்ளைத் துணுக்காக அடியில் விழும். மூன்று விழுந்தன. முட்டை நன்னீருக்கு அசையாது என்பதால் பத்தாம் நாள் மறுபடி. அன்று ஒன்றும் விழவில்லை.

பதின்மூன்றாம் நாள், கூடை

பெட்டி மாற்றம் முடிந்த மீனை நேராக விட்டால் பெட்டை விடாது. தொட்டி முழுக்க அதன் வீடு. மரக்கறிக் கடை வெள்ளை பிளாஸ்ரிக் கூடை ஒன்றை, விரல் நுழையாத கண்ணுள்ளதாகப் பார்த்து, கேபிள் ரையால் தொட்டியின் விளிம்பில் தொங்கவிட்டு, குஞ்சை உள்ளே விட்டது. தொட்டி 27.5 பாகை, 1.025. மேலே இரண்டு 12 வோல்ற் காற்றாடி ஓடுவதால் நாளுக்கு மூன்று லீற்றரளவு நீர் ஆவியாகும். அதை ஆர்.ஓ. நீரால் அன்றன்று நிரப்பாவிட்டால் இவ்வளவு நாள் பார்த்துப் பார்த்து ஏற்றின உப்பு தானாகக் கூடும்.

முதல் நாள் பெட்டை கூடையை முட்டி, செட்டையை விரித்து, கூடைக் கண்ணுக்குள்ளால் கடிக்கப் பார்த்தது. இரண்டாம் நாள் பின்னேரம் குஞ்சு பக்கவாட்டில் சாய்ந்து, தலையிலிருந்து வால்வரை குளிரில் நடுங்குவதுபோல் சில விநாடி துடித்தது. வலிப்பென்று பயந்து வெளியே எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அதுதான் பணிவு, அதைக் கண்டதும் பெட்டை திரும்பிப் போகும். அந்தத் துடிப்பு தெரியும்வரை திறக்கக்கூடாது. குஞ்சும் எதிர்த்து முட்டினால் சோடி சேராது, வேறு சின்னக் குஞ்சு பார்க்கவேண்டும்.

கூடையின் ஐந்தாம் நாள், முழுக் கணக்கில் பதினேழாம் நாள், விளக்கணைத்து ஒரு மணித்தியாலம் கழித்துக் கூடையைச் சரித்தது. அதற்கு முன் பெட்டை காவல் காத்த மூலைக் கற்களை இடம் மாற்றி, பெட்டைக்கு வயிறு நிறையத் தீனி. அடுத்த நாள் துரத்தல் இருந்தது. குஞ்சின் வால் நுனியில் அரிசி முனையளவு கிழிசல். அந்தளவு பொறுக்கலாம், ஒரு கிழமையில் வளரும். மேல்மூலையில் ஒதுங்கி, தீனிக்கு வராமல், செட்டை சுருங்கி நின்றால் அன்றே கூடைக்குத் திருப்பவேண்டும்.

இருபத்திரண்டாம் நாள் இரண்டும் ஒரே சட்டிக்குள் படுத்தன. இருபத்தாறாம் நாள் வால் கிழிசல் மூடிவிட்டது, உடம்பில் புள்ளி இல்லை, அமோனியா பூச்சியம், நைத்திரேற் 10. கூடையை இன்னும் கழற்றவில்லை.