பன்சோடான் தெருவில் ஒரு தச்சுப் புத்தகம்

அலமாரி செய்யப் பழகலாம் என்று, ரங்கூன் பன்சோடான் தெருப் பழைய புத்தகக் கடைகளில் இரண்டு மணி நேரம் குந்திப் புரட்டினேன். பளபளப்பான படங்கள் உள்ளதெல்லாம் மேசை ரம்பம் வைத்திருப்பவர்களுக்கு. என்னிடம் இருப்பது ஒரு கைரம்பம், இழைப்புளி, இரண்டு உளி.

என் சோதனை ஒன்றுதான்: கதவுப் பலகையைச் சட்டத்தில் பொருத்தும் பக்கத்தைத் திறப்பேன். நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டச் சொன்னால் புத்தகத்தை மூடிவிடுவேன். மழைக்காலத்தில் மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில் ஊதும். அதனால் பலகை, சட்டத்தில் வெட்டிய காடியில் (நீளப் பள்ளத்தில்) கொஞ்சம் இடம் விட்டு, பசையில்லாமல் நிற்க வேண்டும். மார்ச்சில் நான் செய்த பெட்டிக் கதவு ஜூலையில் சிக்கிக்கொண்டு, அம்மா அதைக் காலால் உதைத்துத்தான் மூடினார்.

அப்புறம் அளவு. அமெரிக்கப் புத்தகம் பலகைக் கனம் முக்கால் அங்குலம் என்கும். கடையில் கிடைப்பது 18 மில்லிமீட்டர் பிளைவுட். அதைவிட ஒரு மில்லிமீட்டர் குறைவு, காடியில் லொடலொடக்கும். அதனால் பலகையை வைத்தே கோடு போடச் சொல்கிற, அட்டை கிழிந்த ஒன்றை வாங்கினேன்.

(தேக்கு விளையும் நாட்டில் பிளைவுட்டா என்று கேட்காதீர்கள். விலை அப்படி.)