பெண் குரல், யார்?

"அண்ணா, இந்த ஒரு ஆல்பத்தை மட்டும் வேற யாருக்காவது மாத்தி விட முடியுமா?"

அவள் கேட்டது இவ்வளவுதான். சரி என்றிருக்கலாம். முடியாது என்றிருந்தாலும் தப்பில்லை, அந்த வாரம் ஆள் பற்றாக்குறை. நான் இரண்டையும் சொல்லாமல் பதினைந்து நிமிடம் பேசினேன். அந்தப் பதினைந்து நிமிடம்தான் இன்னும் என்னை விடவில்லை.

பாட்டுகளைக் கேட்டு, கெட்ட வார்த்தை இருந்தால் குறி போடுவதுதான் எங்கள் வேலை. டூ லைவ் க்ரூ என்ற அமெரிக்க ராப் குழுவின் 1989 ஆல்பம் அது. மறு டெலிவரியில் பாதிப் பாட்டுகளுக்கு 'எக்ஸ்ப்ளிசிட்' என்ற அந்த எச்சரிக்கைக் குறி விட்டுப் போயிருந்தது. அப்படி வந்தால் வரிகளைப் படித்துக் குறி போடக்கூடாது, முழுக்கக் காதால் கேட்டாக வேண்டும். நாலு பாட்டு முடித்துவிட்டு எழுந்து வந்திருந்தாள். ஹெட்செட் கழுத்தில் கிடந்தது. பாட்டை நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தாள், ஆனாலும் அதன் ஒரு காதை உள்ளங்கையால் பொத்திப் பிடித்திருந்தாள். அந்தக் கையை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தேன்.

அந்த ஆல்பத்தின் கதை எனக்கு மனப்பாடம். இந்த வேலைக்கு வந்த புதிதில், நாம் போடும் இந்தக் குறி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தவன் நான். 1985ல் அமெரிக்க செனட்டர் அல் கோரின் மனைவி டிப்பர் கோர் முதலானோர் பாட்டுகளில் ஆபாசத்தை எதிர்த்துத் தொடங்கிய பெற்றோர் அமைப்பு, அதையொட்டி நடந்த செனட் விசாரணை, பிறகு 1990ல் எல்லா கம்பெனிகளுக்கும் பொதுவாக வந்த அந்தக் கறுப்பு வெள்ளை எச்சரிக்கை ஸ்டிக்கர். அதற்கெல்லாம் நடுவில் மயாமியின் லிபர்ட்டி சிட்டியில் ஒரு மனிதர். டூ லைவ் க்ரூவின் லூதர் கேம்பல். நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சல்ஸும்தான் ராப் என்றிருந்த காலத்தில், பெரிய கம்பெனி யாரையும் நம்பாமல், சொந்தமாக லேபிள் தொடங்கித் தன் குழுவின் பாட்டைத் தானே அச்சடித்து விற்றவர்.

அதைத்தான் அவளிடம் சொன்னேன். 1990 ஜூன் 6ஆம் தேதி ஃபுளோரிடாவில் ஒரு ஃபெடரல் நீதிபதி இந்த ஆல்பம் ஆபாசம் என்று தீர்ப்பளித்தார். இரண்டு நாளில் ஃபோர்ட் லாடர்டேலில் சார்லஸ் ஃப்ரீமன் என்ற கறுப்பினக் கடைக்காரர் இந்த ஆல்பத்தை விற்றதற்காகக் கைதானார், பிறகு குற்றவாளி என்று தீர்ப்பாகி ஆயிரம் டாலர் அபராதத்துக்கு ஆளானார். ஜூன் 10ஆம் தேதி, பெரியவர்கள் மட்டும் வந்திருந்த ஒரு கிளப்பில் பாடியதற்காக கேம்பலையே பிடித்தார்கள். அக்டோபரில் விசாரணை. போலீஸ் ரகசியமாக எடுத்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டியபோது ஜூரிகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, சிரிக்கலாமா என்று நீதிபதியிடம் அனுமதி கேட்டார்கள். குழு விடுதலையானது. 1992ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆபாசத் தீர்ப்பையும் ரத்து செய்தது. ஆல்பத்துக்கு எதிராக நின்ற ஷெரீப், அதாவது உள்ளூர் போலீஸ் தலைவர், தரப்பு ஒலிநாடாவைக் கொடுத்ததைத் தவிர வேறு சாட்சியமே வைக்கவில்லை, அதை வைத்து ஒரு ஆல்பத்துக்குக் கலை மதிப்பே இல்லை என்று முடிவு கட்ட முடியாது என்றார்கள்.

இங்கேதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். "பார்த்தியாம்மா, கேட்டதும் ஒரு மாதிரி இருக்குன்னா மட்டும் பத்தாது."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "அவர் கேஸ் ஜெயிச்சுட்டாரு, சரி அண்ணா. இந்தப் பாட்டுல வர்ற பொண்ணுங்களோட கேஸ் எந்தக் கோர்ட்ல நடந்துச்சு?"

"அது வேற விஷயம்மா."

இதுதான் என் பதில். இதற்கு மேல் அவள் பேசவில்லை. போய் உட்கார்ந்து மிச்சப் பாட்டுகளையும் கேட்டாள். ஷிஃப்ட் முடிவதற்குள் ஆல்பம் முழுவதும் குறி போட்டு அனுப்பிவிட்டாள். ஒரு பிழை இல்லை.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்குச் சேரும்போதே எல்லோரும் கையெழுத்துப் போட்டுத்தான் வருகிறோம். அன்றைக்கு அவளுக்கு மாற்றிவிட்டால் நாளைக்கு இன்னொருவர் வருவார். எங்கள் தளத்தில் இதைவிடக் கொடூரமானதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அது மட்டுமில்லை, பெண் என்பதால் இந்தப் பாட்டு உனக்கு வேண்டாம் என்று நான் ஒதுக்கியிருந்தால் அதுவும் ஒரு தப்பாகியிருக்கும். இதையெல்லாம் நான் நம்புகிறேன். இன்றைக்கும் நம்புகிறேன்.

ஆனால் இதில் ஒன்றைக்கூட அவளிடம் நான் சொல்லவில்லை. நான் சொன்னது கேம்பலின் கதை. அவள் அந்த ஆல்பத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை, கடைக்காரரைப் பிடிக்கச் சொல்லவில்லை, தன் காதிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள். ஷெரீபுக்குச் சொல்ல வேண்டிய பதிலை நான் அவளிடம் சொன்னேன்.

சில மாதம் கழித்துத்தான் ஒன்று கண்ணில் பட்டது. அவள் கேட்ட கேள்வி புதிதல்ல. கிம்பர்லே கிரென்ஷா என்ற கறுப்பினச் சட்டப் பேராசிரியர் 1991லேயே பாஸ்டன் ரிவ்யூவில் இதே வழக்கைப் பற்றி எழுதியிருக்கிறார். வழக்கு போட்டதில் இனவெறி இருந்தது என்று அவர் தெளிவாகச் சொல்கிறார். அதே அளவு ஆபாசம் பேசிய வெள்ளைக்கார மேடைக் கலைஞரை யாரும் தொடவில்லையே என்கிறார். அதே கட்டுரையில், குழுவுக்காகச் சாட்சி சொன்ன பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸையும் விடவில்லை. கேட்ஸின் வாதம், இது கறுப்பர்களின் பழைய வாய்ச்சண்டை விளையாட்டு மரபில் வரும் மிகைப்படுத்தல், அப்படியே அர்த்தம் எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது. அந்த விளையாட்டில் அடி வாங்குவது கறுப்பினப் பெண்கள், அவர்கள் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம் என்று கிரென்ஷா கேட்கிறார்.

படித்தபோது காது சூடானது. நான் அவளிடம் பேசியது முழுக்க கேட்ஸின் வாதம். அதையும் அரைகுறையாகத்தான் பேசியிருந்தேன்.

எங்கள் குறியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது, இந்த வேலையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். போலீஸ் அடித்த வலியில் ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னாலும் அதே குறி, பெண்ணைச் சதையாக மட்டும் பாடினாலும் அதே குறி. நம் சினிமாப் பாட்டுகளின் இரட்டை அர்த்தத்துக்கு எந்தக் குறியும் விழாது, ஏனென்றால் பட்டியலில் இருப்பது சொற்கள்தான். சொல்லே இல்லாமல் கேவலப்படுத்தினால் பாட்டு சுத்தம். எது சொல்லப்பட்டது என்பதற்குக் கட்டம் உண்டு, யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பதற்குக் கட்டம் கிடையாது.

அந்தக் கட்டம் பற்றிய விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றியிருக்கிறேன் போலிருக்கிறது.

அன்றைக்கு அவள் முடித்த வேலையைச் சரிபார்த்து அனுப்பியது நான்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் கடைசியில் ஒரு குறிப்புப் பத்தி இருக்கும். நேரமும் சொல்லும் மட்டும் எழுதலாம். அந்த ஆல்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்று உண்டு, அதில் ஒரு பெண்ணின் குரல் திரும்பத் திரும்ப வரும். தன்னை விற்கும் பெண் பேசுகிற உடைந்த ஆங்கிலம். அந்த நேரத்தைக் குறித்து, பக்கத்தில் அவள் எழுதியிருந்தாள்: 'பெண் குரல், யார்?'

எங்களுக்கு வந்த ஃபைலில் நால்வர் பெயர், தயாரிப்பு, லேபிள் எல்லாம் இருந்தது. அந்தக் குரலுக்குப் பெயர் இல்லை.

நான் அழித்தேன். நேரத்தை விட்டுவிட்டு அந்த மூன்று சொல்லையும் தூக்கினேன். அந்தப் பத்தியில் வேறு எது இருந்தாலும் ஆல்பம் திரும்பி வந்துவிடும், வந்தால் அவள் கணக்கில்தான் பிழையாக ஏறும். அவளுக்காகத்தான் அழித்தேன் என்று அப்போது நினைத்தேன். அவளிடம் கேட்கவில்லை. அழித்ததைச் சொல்லவும் இல்லை. இதைத் தணிக்கை என்று சொல்வது பெரிய வார்த்தை, நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த அழிக்கும் பட்டனை அமுக்கும்போது, ஒருவருடைய சொல்லுக்காகப் பதினைந்து நிமிடம் வாதாடிவிட்டு வந்திருந்தேன் என்பது உண்மை.

அந்தக் குரல் யாருடையது என்று பிறகு தெரிந்துகொண்டேன். 1987ல் வந்த ஒரு வியட்நாம் போர்ப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது. நடித்தவர் பெயர் பாப்பிலான் சூ சூ. ஐந்து நிமிடத் தேடல்தான். அன்றைக்கே தேடி அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டாள். இந்தப் பிரச்சினையால் போகவில்லை, வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தது என்றாள். நம்பினேன்.

கேம்பல் மீது எனக்குள்ள மரியாதை குறையவில்லை, இதையும் சொல்ல வேண்டும். 1994ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில், பகடிப் பாட்டு விற்பனைக்கு என்றாலும் அது நியாயமான பயன்பாடாக இருக்கலாம் என்ற தீர்ப்பை ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துக் கொடுத்தது அவர் வழக்கில்தான். இன்று பகடி செய்கிற எல்லோரும் அந்த நிழலில் நிற்கிறார்கள். பிறகு அவர் லிபர்ட்டி சிட்டிப் பையன்களுக்கு ஃபுட்பால் பயிற்சி கொடுத்துக்கொண்டு வருடக்கணக்காக மைதானத்தில் நின்றார். இது ஒரு மனிதனின் வாழ்க்கையில் சின்ன விஷயமில்லை. இந்தக் கணக்கையும் அந்தக் கணக்கையும் எப்படிக் கூட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தான் வேண்டுமா என்றும் தெரியவில்லை. அவர் சிறைக்குப் போகக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் அன்று உட்கார்ந்து மிச்சப் பாட்டைக் கேட்டிருக்கக்கூடாது என்பதிலும் இப்போது சந்தேகம் இல்லை. இந்த இரண்டையும் ஒரே வாயால் சொல்ல அன்று எனக்கு வரவில்லை.

போன வருடம் அதே ஆல்பம் வேறொரு விநியோகஸ்தர் வழியாக மறுபடி வந்தது. யாருக்கும் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டேன். அந்தப் பாட்டு வந்தது, அந்தக் குரல் வந்தது. பெயர்ப் பட்டியலைத் திறந்து பார்த்தேன், இந்த முறையும் இல்லை. குறிப்புப் பத்தியில் நேரத்தை அடித்தேன். பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. இந்த முறை எனக்குப் பெயரே தெரியும்.

எழுதவில்லை. க்யூவில் இன்னும் நாற்பது பாட்டு இருந்தது.