கரையேறியவன் சாட்சி

குமரி மாவட்டத்தில் யாரும் யாரிடமும் "நீங்க கடவுளை நம்புறீங்களா?" என்று கேட்க மாட்டார்கள். கேட்பது "எந்தச் சபை?" என்றுதான். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது, மார்த்தாண்டம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில், வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில், எங்கே போனாலும் கொஞ்ச நேரத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, லுத்தரனா, சால்வேஷன் ஆர்மியா, பெந்தெகொஸ்தேயா, இல்லை இந்துவா, இந்து என்றால் அய்யா வைகுண்டர் காட்டிய அய்யா வழியா. 2011 கணக்கெடுப்பில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி இருக்கிற மாவட்டம் இது, அதனால் கேட்பவரையும் குறை சொல்ல முடியாது. "நான் ஒண்ணும் இல்ல" என்று சொன்னால் சிரித்துவிட்டு, "அது சரி, வீட்ல எந்தச் சபை?" என்பார்கள்.

வீட்டில் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. நான் ஒன்றும் இல்லை. காரணம் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் எல்லோரும் எனக்கு எங்கோ பலமாக அடி விழுந்திருக்கும் என்றே நினைக்கிறார்கள். யாராவது சின்ன வயதில் செத்துப் போனார்களா, போதகரோடு சண்டையா, காதல் தோல்வியா, 1982-ல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட மண்டைக்காட்டுக் கலவரம் பற்றி நிறைய வாசித்துவிட்டாயா? இது எதுவும் இல்லை. கலவரம் மனிதர்கள் செய்தது, அதற்காக நான் கடவுளைக் கோபித்துக்கொண்டு என்ன ஆகப் போகிறது.

முதலில் நாங்கள் எப்படி வேதத்துக்கு வந்தோம், அதாவது கிறிஸ்தவர்கள் ஆனோம் என்று சொல்ல வேண்டும். லண்டன் மிஷன் அனுப்பிய மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தது 1806-ல். அதற்குப் பின்னால் வந்த ஏதோ ஒரு காலத்தில் என் பூட்டனுக்கும் முந்தைய ஒருத்தர் வேதத்துக்கு வந்தார், அவருடைய அண்ணன் வரவில்லை. அண்ணன் வகையறா அய்யா வழிக்குப் போனது, இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. திருவிதாங்கூரில் எங்கள் சாதிப் பெண்கள் மாரை மறைக்கக் கூடாது, ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது, தலைக்கு வரி கட்ட வேண்டும் என்று இருந்த காலம். மிஷனரிகள் குப்பாயம் என்ற மேல்சட்டை தைத்துப் போடச் சொன்னார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். அய்யா வைகுண்டர் தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிட வா என்றார், அவருடைய பதி இருக்கிற சாமித்தோப்பில் ஆண்கள் இன்றும் அப்படித்தான் உள்ளே போகிறார்கள். 1859 ஜூலையில் ராஜா ஒருவழியாகப் பெண்கள் மேலாடை போட்டுக்கொள்ளலாம் என்று அறிவித்தபோதுகூட, உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு கொக்கி போட்டுத்தான் அறிவித்தார்.

ஆக, ஒரே வீட்டில் அண்ணன் தலைப்பாகை கட்டிக் கும்பிடப் போனார், தம்பி பொண்டாட்டிக்குக் குப்பாயம் தைத்துக் கொடுத்து ஜெபிக்கப் போனார். இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒன்றுதான், நிமிர்ந்து நிற்கிற உரிமை. இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரிந்து கிடையாது. நானே அந்தக் காலத்தில் இருந்திருந்தால் முதல் ஆளாகப் போய் முழுக்கு வாங்கியிருப்பேன், அல்லது நெற்றியில் நாமம் இட்டிருப்பேன், எந்த வீடு பக்கமோ அதைப் பொறுத்து. ஆனால் அது மனிதர்களைப் பற்றிய காரணம். மேலே ஒருவர் இருக்கிறார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இருந்தால் அவர் அண்ணன் சொன்னவரா தம்பி சொன்னவரா என்பதற்கும் அதில் பதில் இல்லை. பூட்டனுக்கு அந்தச் சட்டை தேவைப்பட்டது, எனக்கோ போட்டுக்கொள்ள அலமாரி நிறையச் சட்டை இருக்கிறது.

இப்படிச் சொன்னால் உடனே யாராவது தேவசகாயம் பிள்ளையை இழுப்பார்கள். நியாயம்தான். நட்டாலத்தில் 1712-ல் பிறந்தவர், பத்மநாபபுரத்தில் அரண்மனைச் செல்வாக்கோடு இருந்தவர், 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து இழந்தது தவிர வேறு எதுவும் அடையாதவர். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் போப் புனிதர் பட்டம் கொடுத்தபோது நட்டாலமும் அவரை அடக்கம் செய்த கோட்டாறும் எப்படி இருந்தன என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சட்டைக்காகவும் பள்ளிக்கூடத்துக்காகவும் என்ற என் கணக்கில் அவர் அடங்க மாட்டார், ஒத்துக்கொள்கிறேன். ஒருவர் எவ்வளவு உறுதியாக நம்ப முடியும் என்பதற்கு அவரைவிட ஆள் வேண்டாம். ஆனால் உறுதி இருக்கிற இடத்தில் எல்லாம் உண்மையும் இருந்தாக வேண்டும் என்றால் எல்லா மதத்துக்கும் தியாகிகள் இருக்கிறார்களே, அப்புறம் எல்லாமே உண்மையாகிவிடும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்கு நம்பிக்கை போனது கோயிலுக்குள்ளேதான், சாட்சி நேரத்தில்.

சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவர்களுக்கு டிசம்பர் 31 ராத்திரி தெரியும். பதினோரு மணிக்கு மேல் கூட்டம் பிதுங்கும், சின்னப் பிள்ளைகள் பாயில் சுருண்டு தூங்கும், பழைய வருஷம் முடிவதற்குள் சாட்சி சொல்கிறவர்கள் எழுந்து நின்று சொல்வார்கள். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, மகளுக்கு நர்சிங் வேலை கிடைத்து கல்ஃபுக்குப் போனாள், ரப்பர் மரத்திலிருந்து வழுக்கி விழுந்தும் எலும்பு முறியவில்லை, ஸ்தோத்திரம். முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுக்க வரிசையில் நிற்போம். புது வருஷத்துக்கு நமக்கென்று ஒரு வசனம்.

2004 டிசம்பர் 31-ம் அப்படித்தான் வந்தது. சுனாமி வந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு. எங்கள் ஊரிலிருந்து கடல் தூரம்தான், ஆனால் குளச்சலுக்கும் கொட்டில்பாட்டுக்கும் மணக்குடிக்கும் உதவிக்குப் போய் வந்தவர்கள் எங்கள் சபையிலேயே இருந்தார்கள், அவர்கள் அந்த வாரம் முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கொட்டில்பாட்டில் முன்னால் கடல் எழும்பி வர, பின்னால் ஏ.வி.எம். கால்வாய், ஓடுவதற்கு வழியில்லாமல் அதில் விழுந்து செத்தவர்கள் எத்தனையோ பேர். மணக்குடிப் பாலம் இருந்த இடத்தில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. செத்தவர்களில் பெரும்பாலோர் முந்தின நாள் பூசைக்குப் போய் வந்தவர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அன்றைக்கு ராத்திரி ஒருவர் எழுந்து நின்றார். நல்ல மனிதர், எங்கள் வீட்டுக்கு எல்லா நல்லது கெட்டதுக்கும் வருகிறவர். அந்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடற்கரைக்குப் போவதாக இருந்தாராம், சின்னவனுக்குக் காலையில் காய்ச்சல் வந்ததால் போகவில்லையாம். ஆண்டவர் அந்தக் காய்ச்சலை அனுப்பி எங்களைக் காத்தார் என்று சொல்லி அழுதார். பிறகு தொண்ணூற்றொன்றாம் சங்கீதத்தைச் சொன்னார். "உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது." சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. நானும் பழக்கத்தில் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

அந்த வசனம் எனக்கு ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே மனப்பாடம். அதில் விழுகிற அந்த ஆயிரம் பேர், பதினாயிரம் பேர் யார் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. அந்த வாரம் அவர்களுக்கு ஊர்ப்பெயர் இருந்தது, பஸ் போகிற ஊர்கள். காய்ச்சல் அனுப்பத் தெரிந்தவருக்குக் கொட்டில்பாட்டுப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு காய்ச்சல் அனுப்பி, காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போக வைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. அந்த வரிசையில் நின்று சாட்சி சொல்ல வருகிறவர்கள் எல்லோருமே பிழைத்தவர்கள். ஜெபித்தும் போய்ச் சேர்ந்தவர் எழுந்து வந்து மைக்கைப் பிடிக்க மாட்டார். வருஷா வருஷம் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு பக்கத்துச் சாட்சியை மட்டும். கோர்ட்டில் இப்படி ஒரு வழக்கு நடந்தால் எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுத மாட்டார்.

இது ஒன்றும் நான் கண்டுபிடித்த புதுச் சங்கதி இல்லை, உலகத்தில் எத்தனையோ பேர் எனக்கு முன்னால் கேட்டிருக்கிறார்கள். "துன்பம் ஏன்" என்ற பெரிய கேள்விக்குப் போதகர்களிடம் ஆயிரம் பதில் இருக்கிறது, சுதந்திர சித்தம், சோதனை, பரலோகத்தில் ஈடு என்று. எனக்கு அந்தப் பெரிய கேள்விகூட இல்லை. கடவுள் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் இருக்கிறார் என்று எனக்குக் காட்டப்பட்ட ஆதாரம் முழுவதும் இந்தச் சாட்சிகள்தான், அந்த ஆதாரம் எப்படிச் சேர்கிறது என்று பார்த்தபின் என் கையில் மிச்சம் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

பதின்மூன்று வருஷம் கழித்து ஒக்கி புயல் வந்தது, 2017 நவம்பர் 30. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஆட்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிக்கிறவர்கள், புயல் எச்சரிக்கை வருவதற்கு முன்பே போய்விட்டவர்களுக்கு அதைச் சொல்ல வழியில்லை. கரையில் கோயில்களில் இரவு பகலாக ஜெபமாலை. சிலர் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் கரை சேர்ந்தார்கள், பலர் வரவே இல்லை. டிசம்பர் 7-ம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்களே, கூடவே பங்குச்சாமிகளும் இருந்தார்கள். அங்கே கேட்டது கப்பலும் ஹெலிகாப்டரும், அற்புதம் இல்லை. ஜெபம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஆளைத் தேட வேண்டியது கடற்படை என்று அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. நான் அவர்களைக் கேலி செய்யவில்லை. அந்த இடத்தில் அவர்களுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

கடற்கரைக்கார நண்பன் ஒருத்தனிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒக்கியில் அவன் மாமா வரவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "மக்கா, நீ கணக்குப் பாக்குற. நடுக்கடல்ல ராத்திரி எஞ்சின் நின்னா யாரைக் கூப்பிடுவ? நான் மாதாவைக் கூப்பிடுவேன். வந்தாளா வரல்லியான்னு அப்புறம் பாக்கலாம்" என்றான். இதற்கு நான் பதில் சொல்லவில்லை. கூப்பிட ஆள் தேவைப்படுவதும் ஆள் இருப்பதும் வேறு வேறு என்று சொல்லியிருக்கலாம், ஆனால் மாமாவைக் கடலுக்குக் கொடுத்தவனிடம் டீக்கடையில் உட்கார்ந்து பேசி ஜெயிக்கிற பேச்சு அது இல்லை. இன்றைக்கும் என் எண்ணம் அதுதான்.

சித்தப்பா வேறு மாதிரி. "நாலு எழுத்துப் படிச்சு, வெளியூர்க்காரன் பேச்சைக் கேட்டுட்டு வந்து பேசுறான்" என்பது அவருடைய தீராத குறை. அவருக்காகவே ஒருநாள் சிதறால் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பாறையில் வரிசையாகச் செதுக்கியிருக்கிற சமண உருவங்கள் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. உலகத்தைப் படைத்த கடவுள் என்று ஒருவர் இல்லை என்பது சமணக் கொள்கை. உடம்பை வருத்தி, எறும்புக்கும் தீங்கு செய்யாமல், படைத்தவர் பெயர் சொல்லாமலே அவர்கள் அந்த மலையில் வாழ்ந்திருக்கிறார்கள். பிற்பாடு அதே இடம் பகவதி கோயிலானது. நாகராஜா கோயில் தூண்களிலும் பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்கிறார்கள், நாகர்கோவில்காரர்கள் பாதிப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். லண்டன் மிஷன் கப்பல் ஏறுவதற்குப் பல நூற்றாண்டு முன்னாலேயே படைப்புக் கடவுள் வேண்டாம் என்றவர்களுக்கு இந்த மாவட்டத்தில் ஒரு மலையே இருந்தது சித்தப்பா, இதில் வெளியூர்ச் சரக்கு எது என்று கேட்டேன். பகத்சிங் லாகூர் சிறையில் எழுதிய நாத்திகக் கட்டுரையைத் தமிழில் கொண்டுவந்ததும் நம்ம பூதப்பாண்டிக் கம்யூனிஸ்ட் ஜீவாதான் என்றேன். அவர் மூச்சு வாங்க ஒரு பாறையில் உட்கார்ந்து, காற்று நல்லா வருது என்றார்.

இதெல்லாம் சொன்னாலும் நான் சபை விருந்தான அசனத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. பெரிய வார்ப்பில் வேகிற அந்தச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் எந்தக் கொள்கைக்கும் கட்டுப்பட்டவை அல்ல. அய்யா வழிச் சொந்தக்காரர்கள் கூப்பிட்டால் சாமித்தோப்புத் திருவிழாவுக்கும் போகிறேன். அம்மை குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தால் நானும் உட்காருவேன், கண்ணை மூட மாட்டேன், அம்மைக்கும் அது தெரியும். ஜெபத்தில் என் பெயர் வரும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் உரக்கும், அது ஆண்டவருக்கா எனக்கா என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.

ஒரே ஒரு விஷயத்தில்தான் இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை. சபைச் சந்தாவைக் கட்டிக்கொண்டே இருக்கிறேன். ரசீதுப் புத்தகத்தோடு வருகிற கமிட்டிக்காரர், "தம்பி ஆராதனைக்குத்தான் வரல்ல, சந்தாவுல பாக்கி வச்சது கிடையாது" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறார். சந்தா நின்றால் கல்லறைத் தோட்டத்தில் இடம் தருவதில் தகராறு வரும், எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை அது. போன வருஷம் மனைவியிடம், பேசாமல் உடம்பை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிடலாம், பையன்கள் படிக்கட்டும் என்றேன். நல்ல யோசனை என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "அப்ப ஈஸ்டருக்கு நான் பூவை எங்க கொண்டு வைக்கது?" என்று கேட்டாள். கமிட்டிக்காரர் அந்த மாதமும் வந்தார், கொடுத்து அனுப்பினேன்.