ஃபைன் கட்டியதோடு முடியவில்லை: தம்பியின் 185 கேஸ்

குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டினால் பத்தாயிரம் ரூபாய் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். தம்பியின் கேஸுக்காகக் கூடவே அலைந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பத்தாயிரம்தான் இதில் சின்ன விஷயம்.

பிடித்த இரவில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஊதச் சொன்னார்கள், ஊதினான், கருவி எண்பதைத் தாண்டிக் காட்டியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் வரைதான் விடுகிறது. கருவியிலிருந்து வந்த சீட்டில் கையெழுத்து வாங்கினார்கள். லைசென்ஸை எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். வண்டி ஸ்டேஷனுக்குப் போனது, அவனை நான் போய்க் கூட்டிவந்தேன்.

"ஊத மாட்டேன்னு சொல்லியிருக்கலாமோக்கா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். அப்படிச் செய்திருந்தால் இன்னும் மோசம் என்று பிறகு வக்கீல் விளக்கினார். குடித்திருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருந்து, ஊத மறுத்தால், வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். மறுத்ததே கோர்ட்டில் எதிராக வந்து நிற்கும். 185-இல் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் விடுவிக்க வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். தம்பியைக் கைது செய்யவில்லை, அதனால் அது எங்களுக்குத் தேவைப்படவில்லை.

மறுநாளே ஆலோசனைகள் வந்து குவிந்தன. ஒரு சித்தப்பா இரண்டாயிரம்தான் ஆகும் என்றார். அது 2019 செப்டம்பருக்கு முந்தைய கணக்கு. இன்னொருவர் ஆளைப் பிடித்து அங்கேயே முடித்துவிடலாம் என்றார். ஹெல்மெட் போடாததற்கு ஸ்பாட்டில் ஃபைன் கட்டி முடிப்பது போல இதை முடிக்க முடியாது, சமரசமாகத் தீர்க்கக்கூடிய குற்றங்களின் பட்டியலில் 185 இல்லவே இல்லை. கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். "முடித்துத் தருகிறேன்" என்று காசு கேட்பவர் எதை முடிக்கப்போகிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறிவிடும்.

வக்கீல் விஷயத்திலும் அப்படித்தான். முதலில் பார்த்தவர் காகிதத்தைப் பார்க்கும் முன்பே கேஸைத் தள்ளுபடி செய்துவிடலாம் என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. அடுத்தவர் தம்பியைப் பார்த்து, "குடிச்சிருந்தீங்களா இல்லையா? எனக்கு உண்மையைச் சொல்லுங்க" என்றுதான் ஆரம்பித்தார். சீட்டில் பெயர், நேரம், வண்டி எண் எல்லாம் சரியா என்று பார்த்தார். ஏதாவது பொருந்தாமல் இருந்தால் மறுத்து வாதாடலாம், ஆனால் வாய்தா வாய்தாவாக இழுக்கும் என்றார். எல்லாம் சரியாகவே இருந்தது. வாயில் தங்கிய மதுவால் கருவி கூடுதலாகக் காட்டியிருக்குமோ என்று தம்பி கேட்டான். குடித்த கையோடு ஊதினால் அப்படி ஆகும், அதற்குத்தான் 15 நிமிடம் போல விட்டு ஊதச் சொல்வது. இவன் குடித்து முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஒப்புக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

கோர்ட்டில் காத்திருப்புதான் வேலை. பெயர் கூப்பிட்ட பிறகு எல்லாம் மளமளவென்று முடிந்தது. ஒப்புக்கொள்கிறாயா, இதற்கு முன் கேஸ் உண்டா, அவ்வளவுதான் கேள்வி. முதல் தடவைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000, அல்லது இரண்டும். அபராதத்தோடு விட்டார்கள். ரசீது, ஆர்சி, இன்சூரன்ஸ் காட்டி வண்டியை எடுத்தோம். வீட்டில் அம்மா சாமிக்கு விளக்கேற்றிவிட்டாள்.

அப்புறம்தான் ஆர்டிஓ ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. கோர்ட் ஒரு பாதை, லைசென்ஸ் வேறு பாதை, இரண்டும் தனித்தனி. போலீஸ் எடுத்த லைசென்ஸ் நேராக ஆர்டிஓவுக்குத்தான் போயிருக்கிறது. முதல் தடவையென்றால் 3 மாதம் தகுதி நீக்கம், இரண்டாவது தடவையென்றால் லைசென்ஸே ரத்து. முடிவெடுக்கும் முன் நம் தரப்பைச் சொல்ல ஒரு வாய்ப்பு தர வேண்டும், அந்தத் தேதியைத் தவற விடாதீர்கள். டெலிவரி வேலை செய்கிறவன், இதுவே முதல் கேஸ் என்று எழுதிக் கொடுத்தோம். அதிகாரி பொறுமையாகப் படித்துவிட்டு 3 மாதம் போட்டார். உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நாங்கள் செய்யவில்லை.

அவனுக்கு வலித்தது இதுதான். மூன்று மாத வருமானத்தோடு பார்த்தால் அபராதம் ஒன்றுமே இல்லை. லைசென்ஸுக்குப் பதிலாகத் தந்த ரசீதைக் காட்டி ஓட்டலாம் என்று கூட வேலை செய்பவர்கள் சொன்னார்கள். மற்ற சில குற்றங்களில் அப்படி ஓட்டலாம். 185-இல் அந்த ரசீது வண்டி ஓட்ட அனுமதி ஆகாது என்று சட்டமே சொல்கிறது. வண்டிச் சாவியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன், கோபித்துக்கொண்டான்.

இடையில் இன்சூரன்ஸ் ஏஜெண்டிடம் சும்மா கேட்டுவைத்தேன். குடித்து ஓட்டி இடித்தால் நம் வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது. அடிபட்டவருக்கான இழப்பீட்டிலும் கம்பெனி தன் பொறுப்பை மறுத்து வாதாடச் சட்டத்தில் இடமிருக்கிறதாம். அன்று யார் மீதும் இடிக்கவில்லை என்பதை நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் முடிந்தாலும் லைசென்ஸ் தானாக வராது. ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் காட்ட வேண்டும், அதற்கு முன்கூட்டியே பதிவு செய்துவிடுவது நல்லது. கோர்ட் ரசீதின் நகலையும் கையோடு எடுத்துப் போங்கள். எங்களிடம் கேட்டார்கள்.